மஞ்சள் கடுதாசியும் மஞ்சள் நம்பர் பிளேட்டும்

நம் ஊர்ப் பக்கம் ஒருவர் கடனில் மூழ்கிக் கையை விரித்துவிட்டால் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்பார்கள். இங்கே நம் தெலுங்கு அன்பர்கள் அதையே "ஐ.பி. பெட்டாடு" என்கிறார்கள். ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன். நல்ல தமிழில் நொடிப்பு மனு. பெயர் எதுவானாலும் நம்மவர்கள் அதைக் காதோடு காதாகத்தான் பேசுகிறார்கள். அவமானம் என்று நினைப்பதால் விவரம் தெரிந்தவரிடம் கேட்பதில்லை. கேட்காததால், அரைகுறையாகக் கேள்விப்பட்டதை நம்பி, இருக்கும் பிழைப்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஜீடிமெட்லா, ஷாபூர் நகர், சிந்தல், சுசித்ரா பக்கம் இருக்கும் நம் குடும்பங்களில் பலருக்கு வண்டிதான் பிழைப்பு. தொழிற்பேட்டையில் மருந்துக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குபவர்கள் இருக்கிறார்கள். லேத் பட்டறையிலிருந்து பாலாநகருக்குச் சரக்கு கொண்டுபோகும் சின்ன யானை (டாட்டா ஏஸ்) வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மெட்ரோ ரயில் பாலாநகர் வரைதான் தொட்டுச் செல்கிறது, ஜீடிமெட்லாவுக்குள் வருவதில்லை. இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிபவருக்கும், விடிகாலை நாலு மணிக்கு லோடு ஏற்றுபவருக்கும் சொந்த வண்டி ஆடம்பரம் இல்லை. ஆகவே கடன் முற்றியவர் கேட்கும் முதல் கேள்வி வீட்டைப் பற்றியதல்ல, பலருக்குச் சொந்த வீடே கிடையாது. "சார், மஞ்சள் கடுதாசி கொடுத்தால் வண்டி போய்விடுமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

நான் வக்கீல் அல்ல. டிப்ளமோ படித்து, தென் மத்திய ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நம்மவர்கள் இருவருக்குத் துணையாக வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடந்திருக்கிறேன். சட்டப் புத்தகத்தையும் வாங்கிப் பிரிவு பிரிவாகப் படித்தேன். ரயில்வேயில் ரூல் புக் படித்துப் பழகியவனுக்கு அது பெரிய கஷ்டமாக இல்லை.

முதலில் எந்தச் சட்டம் என்பதைப் பார்ப்போம். 2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது. கம்பெனிகளுக்கு அது உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது. தனி மனிதர்களுக்கான பகுதியோ புத்தகத்தில் இருக்கிறதே தவிர, சாதாரணக் கடனாளிக்கு இன்னும் அமலாகவில்லை. ஒரே ஒரு வகுப்பாருக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலாகியிருக்கிறது. அவர்கள் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து 1920-ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம்தான். நமது மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தில் இருப்பவர் டில்லிக்கோ கம்பெனித் தீர்ப்பாயத்துக்கோ போக வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்றத்திலோ, அதற்கு அதிகாரம் தரப்பட்ட கீழ்க் கோர்ட்டிலோ மனுப் போட வேண்டும். கடன் ஐந்நூறு ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்கிறது சட்டம். 1920-இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது!

மனுவை ஏற்றுக் கோர்ட்டார் ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்ததும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. கோர்ட் அனுமதி இல்லாமல் கடன்காரர்கள் தனித்தனியாக அவர்மேல் வழக்குப் போட முடியாது. சிவில் சிறைக்கு அனுப்பாமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவும் கேட்டுப் பெறலாம். இது நன்மை. மறுபக்கம், அவருடைய சொத்து முழுவதும் கோர்ட்டிடமோ கோர்ட் நியமிக்கும் ரிசீவரிடமோ போய்ச் சேர்கிறது. அன்று கையில் இருப்பது மட்டுமல்ல. விடுவிப்பு உத்தரவு கிடைக்கும் வரை அவர் புதிதாகச் சம்பாதித்துச் சேர்க்கும் சொத்தும் ரிசீவரைச் சேரும். இந்தக் கடைசி வரியை அநேகர் கவனிப்பதில்லை. வண்டி விஷயத்தில் இது முக்கியம்.

அப்படியானால் கட்டிய துணியையும் எடுத்துக்கொள்வார்களா என்றால், இல்லை. எவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறதோ, அவை ரிசீவருக்கும் போகாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை (நம் வீட்டுத் தாலி), விவசாயியின் ஏர் கலப்பை, உழவு மாடு, விதை நெல், கைவினைஞரின் கருவிகள், கட்டாய வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பணம் ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. அரசுப் பென்ஷனும் உண்டு, என் போன்றவர்களுக்கு ஆறுதல்! சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. ஜீவனாம்சக் கடனுக்கு மட்டும் கணக்கு வேறு.

பட்டியலை மேலிருந்து கீழாக எத்தனை முறை படித்தாலும் மோட்டார் வண்டி என்ற சொல் வராது. அந்தக் காலத்தில் பிழைப்புக்கான வாகனம் என்றால் மாடுதான். மாட்டை விட்டு வைத்த சட்டம் வேனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "கைவினைஞரின் கருவி" என்ற சொல்லுக்குள் டிரைவரின் காரைக் கொண்டுவரலாமே என்று கேட்கலாம். வக்கீல்கள் வாதாடிப் பார்ப்பார்கள். தையல்காரரின் மெஷின், தச்சரின் உளி, பிட்டரின் ஸ்பானர் செட் ஆகியவற்றுக்கு அந்த வாதம் சுலபமாகப் பொருந்தும். ஏழெட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு அது நிற்கும் என்று நம்பி யாரும் மனுப் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சென்னையில் இருக்கும் உறவினர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அங்கே 1909-ஆம் வருடத்து வேறொரு சட்டம், ஹைகோர்ட்டில் நடக்கும். அதில் தொழில் கருவி, துணி, பாத்திரம், மேஜை நாற்காலி எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் இருந்தால்தான் விலக்கு. முந்நூறு ரூபாய்க்கு இன்று ஸ்டெப்னி டயர்கூட வராது.

இப்போது அந்த வேடிக்கைக்கு வருகிறேன். 2016 சட்டத்தின் 79-ஆம் பிரிவு, எந்தெந்தப் பொருள்களைத் தொடக் கூடாது என்று புதிய பட்டியல் தருகிறது. அதில் கடனாளியின் வேலைக்கோ தொழிலுக்கோ சொந்த உபயோகத்துக்கோ தேவையான கருவிகள், புத்தகங்கள், வாகனங்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இங்கிலாந்தின் 1986 திவால் சட்டத்திலும் ஏறக்குறைய இதே வாசகம்தான். அங்கே இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. வண்டி தேவைக்கு மேல் விலை உயர்ந்ததாக இருந்தால், பொறுப்பாளர் அதை எடுத்து விற்று, வேலைக்குப் போதுமான மலிவான வண்டி ஒன்றை மாற்றாக வாங்கத் தொகை தர வேண்டும். வண்டி போனாலும் வேலை போகக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

நம் நாட்டில் அந்த 79-ஆம் பிரிவு அமலாகியிருக்கும் வகுப்பார் யார் தெரியுமா? கம்பெனி வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள். ஜீடிமெட்லாவில் ஒருவர் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார், பாங்குக் கடனுக்குத் தாமே ஜாமீன், கம்பெனி நொடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்மேல் ஹைதராபாத் கம்பெனித் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கை வந்தால், கடன் பாக்கி இல்லாத அவருடைய தொழில் வாகனம் காப்பாற்றப்படும். அதே கம்பெனிக்கு வாடகை வேன் ஓட்டிய டிரைவர் நொடித்தால் அவருக்கு 1920 சட்டம். வேனுக்குப் பாதுகாப்பு இல்லை. முதலாளிக்கு வாகனம், தொழிலாளிக்கு உழவு மாடு! தனி மனிதர் பகுதியை எல்லோருக்கும் அமல்படுத்தினால்தான் இந்தக் கோணல் நிமிரும்.

பழைய சட்டமோ புதிய சட்டமோ, இரண்டிலும் ஒரு விஷயம் பொது. வண்டிமேல் கடன் பாக்கி இருந்தால், மேற்சொன்ன விலக்கு எதுவும் அந்தக் கடன் கொடுத்தவரைத் தடுக்காது. புதிய சட்டம் வில்லங்கம் இல்லாத வாகனம் என்றே சொல்கிறது. பழைய சட்டம், ஈடு பிடித்தவருடைய உரிமைக்குக் குறைவில்லை என்கிறது. நடைமுறையில் நம்மவர்களின் வண்டிகளில் பெரும்பாலானவை தவணையில் வாங்கியவை. ஆகையால் மனுவைப் பற்றி யோசிக்கும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். ரயில்வேயில் டி அண்ட் பி ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. டார்ச் லைட்டிலிருந்து ஜாக்கி வரை அதில் ஏறியிருக்கும். ஒரு பொருள் என் மேஜைமேல் இருபது வருடம் இருந்தாலும், ரிஜிஸ்டரில் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள். வண்டிக்கு ஆர்.சி.தான் அந்த ரிஜிஸ்டர்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் ஏறியிருந்தால், அது ஹயர் பர்ச்சேஸா, ஹைபாதிகேஷனா என்று பார்க்க வேண்டும். ஹயர் பர்ச்சேஸ் என்றால் கடைசித் தவணை கட்டும்வரை வண்டி பைனான்ஸ்காரருடையது. நாம் வாடகைக்கு வைத்திருப்பவர் மாதிரி. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதி செய்தது. ஹைபாதிகேஷன் என்றால் வண்டி நம்முடையது, அதன்மேல் அவருக்கு ஈட்டு உரிமை. இரண்டிலும் தவணை தவறினால் வண்டியை எடுக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருப்பார்கள். கடன் முடிந்தும் பெயரை நீக்காமல் விட்டவர்கள் அநேகம் பேர். என்.ஓ.சி. வாங்கி, பாரம் 35 கொடுத்து, ஆர்.டி.ஓ.வில் அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தீர்ந்த கடனுக்கும் ரிசீவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

தவணை பாக்கி இருக்கும் வண்டிக்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். உதாரணத்துக்கு, வண்டி இன்றைய சந்தையில் மூன்று லட்சம் போகும், பாக்கிக் கடன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி இரண்டு லட்ச மதிப்பு உங்களுடையது. மனுப் போட்டால் அந்த மதிப்பு மற்றக் கடன்காரர்களுக்காக ரிசீவரிடம் போகும். இந்த வண்டியைச் சும்மா வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மாறாக, வண்டி மூன்று லட்சம், பாக்கி நாலரை லட்சம் என்றால் ரிசீவருக்கு அதில் எடுக்க ஒன்றுமில்லை. பைனான்ஸ்காரருக்கும் உங்களுக்கும்தான் பேச்சு. தவணை ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் வண்டியை எடுத்து ஏலம் விட்டு நஷ்டப்பட அவருக்கும் ஆசை இருக்காது. தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்கும்படி எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள். அதுவும் முடியாது, வண்டி வருமானம் தவணைக்கே போதவில்லை என்றால், நாமே ஒப்படைத்துவிடுவது உத்தமம். ஏலத்தில் விற்ற பிறகு விழும் துண்டுத் தொகைக்கு அவர் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நின்று நொடிப்புக் கணக்கில் பங்கு கேட்கலாம். அந்தக் கடனும் நொடிப்புக்குள் அடங்கிவிடும்.

வண்டியைப் பிடுங்க வருகிறவர்கள் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமே அங்கேதான் இருக்கிறது. குண்டர்களை வைத்து வாகனத்தைப் பறிப்பதை 2007-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வாகனக் கடன் வழக்கில் வன்மையாகக் கண்டித்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒப்பந்தத்திலேயே வண்டியை எடுக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ், எடுக்கும் முறை என்ன, ஏலத்துக்கு முன் கட்டித் திருப்பிக்கொள்ளக் கடைசி வாய்ப்பு என்ன என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கைப்படி, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனைக் கேட்டுப் போன் செய்யக் கூடாது. ஆகவே நடுரோட்டில் வண்டியை நிறுத்தினால் அடையாள அட்டையும் கம்பெனியின் அதிகாரக் கடிதமும் கேளுங்கள், நோட்டீஸ் நகல் கேளுங்கள். சாவிக்காகக் கைகலப்பில் இறங்க வேண்டாம். மிரட்டினால் போலீசுக்குப் போன் செய்யுங்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கிலோமீட்டர் ரீடிங்கோடு வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஸ்டெப்னி, ஜாக்கி, மியூசிக் சிஸ்டம் வரை பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்விட்டது என்று பிறகு வாதாட அந்தப் பட்டியல்தான் சாட்சி.

இனி நான் பார்த்த ஒருவரின் விஷயம். பெயர் வேண்டாம். சேலம் பக்கத்துக்காரர், சிந்தலில் குடியிருப்பு. தம்பியோடு சேர்ந்து பேப்ரிகேஷன் பட்டறை வைத்து, அது படுத்து, சீட்டுப் பாக்கி, கைமாற்று, கிரெடிட் கார்டு என்று நாலா பக்கமும் கடன். கையில் கடன் தீர்ந்த ஒரு வேன். அதை ஒரு மருந்துக் கம்பெனிக்கு ஆள் ஏற்ற ஓட்டிக்கொண்டிருந்தார். அதுதான் குடும்பத்துக்கு அரிசி. என்னிடம் வந்தபோது அவர் கையில் ஆர்.டி.ஓ. பாரங்கள் 29, 30 இரண்டும் பூர்த்தியாகி இருந்தன.

"வண்டியை என் வீட்டுக்காரி பேருக்கு மாத்திட்டு ஐ.பி. போட்டுடறேன் சார். அப்புறம் யார் கேட்பாங்க?"

"ரிசீவர் கேட்பார் தம்பி. வக்கீலைப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க" என்றேன்.

வக்கீல் சொன்னதன் சாரம் இது. விலை வாங்காமல் மனைவிக்கோ மற்றவருக்கோ மாற்றிக் கொடுத்த சொத்தை, அப்படி மாற்றிய இரண்டு வருடத்துக்குள் நொடிப்பு மனு வந்தால், ரிசீவர் கோர்ட் மூலம் ரத்துச் செய்ய வைக்கலாம். கடன்காரர்களில் ஒருவருக்கு மட்டும் சலுகையாக, மனுவுக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் செய்த கொடுக்கல் வாங்கலும் செல்லாது. மச்சானுடைய கைமாற்றை மட்டும் முதலில் தீர்த்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொத்தை மறைத்ததாகத் தெரிந்தால் கடன் வழக்கு குற்ற வழக்காகிவிடும். விடுவிப்பு உத்தரவும் கிடைக்காமல் போகலாம். வேனைக் காப்பாற்றப் போய் விடுதலையை இழப்பது எந்த ஊர் நியாயம்?

அவர் வேனை மறைக்காமல் சொத்துப் பட்டியலில் எழுதினார். எழுதும்போது கை நடுங்கியதைப் பார்த்தேன். மனு ஏற்கப்பட்டதும் வேன் ரிசீவர் கணக்கில் போனது. அப்போது அவருடைய மைத்துனர், சொந்தச் சம்பளக்காரர், அந்த வேனை மதிப்பீட்டு விலைக்குத் தாமே வாங்கிக்கொள்வதாக ரிசீவருக்கு எழுதிக் கொடுத்தார். ரிசீவருக்கு வேண்டியது கடன்காரர்களுக்கான நியாயமான விலை. வாங்குகிறவர் உறவா அந்நியரா என்பதல்ல. கோர்ட் மூலம் விற்பனை நடந்து, பணம் கட்டி, ஆர்.சி. மைத்துனர் பெயருக்கு மாறியது. இவர் அதே வேனைத் தினக் கூலிக்கு ஓட்டினார். இடையில் ஆறு வாரம் வண்டி ஓடவில்லை. அந்த ஆறு வாரமும் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டம்தான். ஆனால் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

இப்படி உறவினர் பெயரில் வண்டி இருக்கும்போது இரண்டு எச்சரிக்கை. முதலாவது, வாங்கிய பணம் உண்மையிலேயே அவருடையதாக இருக்க வேண்டும். உங்கள் பணத்தை அவர் கையில் கொடுத்து வாங்க வைத்தால், அது மறுபடியும் மறைப்புதான். இரண்டாவது, விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைத்தான் கேட்பார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உதவி செய்த மைத்துனரை நடுத்தெருவில் நிறுத்தக் கூடாது. இன்ஷூரன்ஸ், பெர்மிட், பிட்னஸ் ஒருநாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள்.

வண்டி போனபின் வேறு வண்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. விடுவிப்புக்கு முன் உங்கள் பெயரில் வாங்கும் வண்டி ரிசீவரைச் சேரக்கூடிய சொத்து. மேலும், தாம் நொடித்தவர் என்பதைச் சொல்லாமல் ஐம்பது ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறை உண்டு. பைனான்ஸ் பாரத்தில் அதை மறைத்துக் கையெழுத்துப் போட்டால் வண்டியும் போகும், நீங்களும் போவீர்கள். ஆகவே அந்தக் காலத்தில் வாடகை வண்டிதான் வழி. தினப்படிக்கு வண்டி விடும் உரிமையாளர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். டீசல் யார், பஞ்சர் யார், போலீஸ் சலான் யார் என்பது வரை எழுதுங்கள். சம்பளத்துக்கு டிரைவராகப் போனால் இன்னும் நல்லது, சம்பளத்துக்குத்தான் 60-ஆம் பிரிவின் பாதுகாப்பு இருக்கிறதே.

நான் துணை போன இன்னொருவர் திருநெல்வேலிக்காரர். அவர் மனுவே போடவில்லை. ஏழு பேர் உட்காரும் கார், மஞ்சள் நம்பர் பிளேட், பதினொரு தவணை பாக்கி. மற்றக் கடன்கள் மொத்தம் மூன்று லட்சத்துக்குக் கீழே, கடன்காரர்களும் நாலு பேர்தான். இந்த அளவுக்கு நொடிப்பு மனு என்பது கொசுவை அடிக்க கோடரி எடுப்பது மாதிரி. கார்க் கடனை நீட்டி வாங்கினார். மற்ற நாலு பேரையும் லோக் அதாலத்துக்கு அழைத்துத் தவணை பேசி முடித்தார். அங்கே கோர்ட் கட்டணம் இல்லை. முடிவானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. ஒன்று கவனியுங்கள், கிரெடிட் கார்டுக் கடனைக் குறைத்து முடித்தால் சிபில் கணக்கில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்த வண்டிக் கடனுக்குப் போகும்போது அது உறுத்தும். ஆனாலும் கார் அவரிடமே இருக்கிறது. இன்றும் சுசித்ரா சந்திப்பில் அதில் அவரைப் பார்க்கலாம்.

மனுப் போடுவது எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். செக் திரும்பிய வழக்கு குற்ற வழக்கு. மஞ்சள் கடுதாசி அதை நிறுத்தாது. அரசுக்குக் கட்ட வேண்டியதும், மோசடியால் ஏற்பட்ட கடனும், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சமும் விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும். எல்லாவற்றையும்விட, உங்களுக்கு ஜாமீன் போட்டவர் தப்ப முடியாது. நீங்கள் விடுபட்டாலும் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை என்று சட்டமே சொல்கிறது. நம் குடும்பங்களில் வண்டிக் கடனுக்கு ஜாமீன் என்றால் சித்தப்பாவோ, மாமாவோ, ரயில்வேயிலோ தொழிற்சாலையிலோ நிரந்தர வேலையில் இருக்கும் ஊர்க்காரரோதான். மனுப் போடும் முன் அவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கோர்ட் நோட்டீசோ பைனான்ஸ்காரர் போனோ அவருக்கு முதல் செய்தியாக வரக் கூடாது.

விடுவிப்பு தானாக வராது. நொடித்தவர் என்று அறிவிக்கும் உத்தரவிலேயே, எத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று கோர்ட் நாள் குறித்திருக்கும். அந்த நாளைத் தவறவிட்டால் அறிவிப்பே ரத்தாகி, பழைய கடன்காரர்கள் பழையபடி வாசலில் நிற்பார்கள். உத்தரவு நகல் வாங்கிய அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, வக்கீலிடமும் நினைவூட்டுங்கள்.

வக்கீல் பீஸுக்கு வழி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போகலாம். 1987-ஆம் வருடத்துச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், தொழிற்சாலைத் தொழிலாளர், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழ் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. போகும்போது ஆர்.சி., வண்டிக் கடன் ஒப்பந்தம், கடைசி ஒரு வருடப் பாங்கு ஸ்டேட்மெண்ட், இன்ஷூரன்ஸ், கடன்காரர்களின் பெயரும் தொகையும் எழுதிய ஒரு பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பட்டியலில் கைமாற்றையும் சீட்டையும் விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் கைவசம் இல்லாவிட்டால் பைனான்ஸ் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். நகல் தருவது அவர்கள் கடமை. தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ மனு எழுதச் சிரமப்படுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்துக்கு வந்தால், நானோ வேறொரு உறுப்பினரோ உட்கார்ந்து எழுதித் தருகிறோம். விஷயம் சங்கத்துச் சுவரைத் தாண்டாது.